குட்டி சாட்டிலைட்: சோலார் பேனலில் இருந்து முழுப் பவரையும் எடுப்பது எப்படி

2021 பிப்ரவரியில் பிஎஸ்எல்வி சி51 ராக்கெட்டில் நம்ம கோவைக் கல்லூரி மாணவர்கள் செய்த சாட்டிலைட்டும் போனது. அடுத்து செய்யப்போகிறவர்கள் பேனல், பேட்டரி பவரைக் கவனிக்கும் பவர் போர்டில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

பேனலை வெறும் டயோடு (கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் பாகம்) வைத்து பேட்டரியோடு நேராகக் கட்டாதீர்கள். பேட்டரி தன் வோல்டேஜுக்குப் பேனலை இழுத்துவிடும். பேனலில் உள்ள மூன்றடுக்கு சோலார் செல் ஒன்று சுமார் 2.4 வோல்ட்டில்தான் உச்ச பவர் தரும், அதுவும் பூமியின் நிழலில் குளிர்ந்து வெளியே வரும்போது அந்த உச்சம் இன்னும் மேலே ஏறியிருக்கும். அதனால் நடுவில் எம்பிபிடி கன்வர்ட்டர், அதாவது உச்ச பவர் தரும் வோல்டேஜைத் தேடிப் பிடிக்கும் சர்க்யூட், அவசியம். வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கும், பவர் கூடினால் அதே பக்கம் போகும், குறைந்தால் திரும்பும், அவ்வளவுதான். தோட்டத்துக் கிணற்றில் ஓடும் சோலார் மோட்டார் கன்ட்ரோலர் பலவற்றிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆனால் சாட்டிலைட் சுற்றிக்கொண்டே இருக்கும், தேடல் வேகமாக இருக்கணும். எதிரெதிர் பக்கங்கள் இரண்டிலும் ஒரே நேரத்தில் வெயில் படாது, ஆகவே அவை இரண்டுக்கும் ஒரே கன்வர்ட்டர் போதும், தனித்தனி டயோடு மட்டும் போடுங்கள்.

பேட்டரியின் லித்தியம் செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் தேடலை நிறுத்தி வோல்டேஜை அங்கேயே பிடிக்கணும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது.

அப்புறம் சோதனை. ஹாலஜன் விளக்கை நம்பாதீர்கள், அதில் நீல ஒளி குறைவு, சோலார் செல்லின் மேலடுக்கு பட்டினி கிடந்து மொத்தக் கரண்டும் விழுந்துவிடும். உச்சி வெயிலில் மொட்டை மாடிக்குப் போய், பேனலை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே மல்டிமீட்டரைப் பாருங்கள்.