மல்லிகை சென்ட் விமானம் ஏற என்னென்ன காகிதம் வேண்டும்?

ஆல்கஹாலில் கரைத்த மல்லிகை சென்ட், விமான விதிப்படி எரியும் திரவம், அதாவது வகுப்பு 3. சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐஏடிஏ வெளியிடும் டிஜிஆர் என்ற அபாயச் சரக்கு விதிப் புத்தகத்தில் அதன் எண் யுஎன் 1266 (யுஎன் எண் என்பது அபாயப் பொருளுக்கு ஐ.நா. முறையில் தரும் அடையாள எண்). மதுரைப் பக்கம் சென்ட் போட்டு துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ அனுப்புகிறவர்களுக்குப் பெட்டி கட்டுவது பெரிய வேலை இல்லை. சரக்கு பெரும்பாலும் காகிதத்தில்தான் நிற்கும். பெட்டியில் ஒன்று, காகிதத்தில் வேறொன்று என்றிருந்தால், வித்தியாசம் ஓர் எழுத்தாக இருந்தாலும் விமான நிறுவனத்தின் சரக்குக் கவுண்டரில் வாங்க மாட்டார்கள்.

முதலில் கையில் இருக்க வேண்டியது எஸ்டிஎஸ், அதாவது பொருளின் பாதுகாப்பு விவரத் தாள். பழைய பழக்கத்தில் எம்எஸ்டிஎஸ் என்போம். ஸ்பிரிட் விற்றவர் கொடுத்த தாளையே பலர் இணைத்துவிடுகிறார்கள். அதில் எத்தனாலுக்கான யுஎன் 1170 இருக்கும், உங்கள் பெட்டியிலோ 1266. சரக்கு திரும்பி வர அது ஒன்றே போதும். உங்கள் கலவைக்கென்றே தயாரித்த தாள்தான் செல்லும். அதில் 9-ஆம் பகுதியில் பிளாஷ் பாயிண்ட் (திரவத்தின் ஆவி தீப்பற்றும் மிகக் குறைந்த வெப்பநிலை), 14-ஆம் பகுதியில் போக்குவரத்து விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். 14-இல் சாலைக்கும் கப்பலுக்கும் மட்டும் எழுதி, விமானத்துக்கான வரியைக் காலியாக விட்டிருந்தால் தயாரித்தவரிடமே திருத்தி வாங்குங்கள்.

பிளாஷ் பாயிண்ட் 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, கொதிநிலை 35-க்கு மேலே என்றால் பேக்கிங் குரூப் (அபாயத்தின் அளவைக் காட்டும் பிரிவு) 2. பிளாஷ் பாயிண்ட் 23 முதல் 60 வரை என்றால் குரூப் 3. ஆல்கஹால் கூடுதலாக உள்ள சென்ட் பொதுவாக 2-இல்தான் விழும். ஆல்கஹால் சேராத அத்தரின் பிளாஷ் பாயிண்ட் 60-ஐத் தாண்டினால் அது வகுப்பு 3 ஆகாது. ஆனாலும் சுற்றுச்சூழலுக்குத் தீங்கான பொருளா என்று எஸ்டிஎஸ்ஸில் பார்த்த பிறகே சாதாரணச் சரக்காக எழுத வேண்டும்.

எந்தக் காகிதம் தேவை என்பதை அளவு தீர்மானிக்கும். கீழே சொல்வது குரூப் 2-க்கு.

சாம்பிள் மட்டும் என்றால் எக்ஸெப்டட் குவாண்டிட்டி, அதாவது மிகச் சிறிய அளவுக்கான விலக்கு வழி. ஒரு குப்பியில் 30 மில்லிக்கு மேல் கூடாது, ஒரு வெளிப்பெட்டியில் 500 மில்லிக்கு மேல் கூடாது. ஆக, 30 மில்லி குப்பிகள் பதினாறு வைத்தால் 480 மில்லி. இதற்கு டிக்ளரேஷன் (அனுப்புகிறவர் கையெழுத்திட்டுத் தரும் அபாயச் சரக்கு உறுதிமொழிப் பாரம்) வேண்டாம். ஏர்வே பில்லில் (விமானச் சரக்கு ரசீது) 'டேஞ்சரஸ் குட்ஸ் இன் எக்ஸெப்டட் குவாண்டிட்டீஸ்' என்ற வரியும் பெட்டிகளின் எண்ணிக்கையும், பெட்டியில் அதற்குரிய கோடு போட்ட முத்திரையும் இருந்தால் போதும். இதைத் தபாலில் போட முடியாது.

அடுத்தது லிமிடெட் குவாண்டிட்டி, அதாவது வரம்புக்குட்பட்ட சிறிய அளவு. பேக்கிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் (பெட்டி கட்டும் விதி) ஒய்341, பெட்டிக்கு 1 லிட்டர். யுஎன் முத்திரை பெற்ற பெட்டி தேவையில்லை. லாரியிலும் கப்பலிலும் இந்த அளவுக்குக் கிடைக்கும் சலுகையை நினைத்து, டிக்ளரேஷனும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். விமானத்துக்கு டிக்ளரேஷன் கட்டாயம்.

மூன்றாவது, முழு அளவு. பயணிகள் விமானத்தில் இன்ஸ்ட்ரக்‌ஷன் 353, பெட்டிக்கு 5 லிட்டர். சரக்கு விமானத்தில் மட்டும் என்றால் 364, 60 லிட்டர் வரை. யுஎன் முத்திரை உள்ள பெட்டியும் அதன் டெஸ்ட் சர்டிஃபிகேட்டும் வேண்டும். 60 லிட்டரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். 364-இல் கட்டிய பெட்டி பயணிகள் விமானத்தில் ஏறாது. பெட்டிக்கு 100 மில்லி பாட்டில் 48, அதாவது 4.8 லிட்டர் என்று கட்டினால் இரண்டு வகை விமானத்திலும் போகும்.

இனி ஷிப்பர்ஸ் டிக்ளரேஷன். கையெழுத்திட்ட இரண்டு பிரதிகள், முழுக்க ஆங்கிலத்தில். இரு ஓரங்களிலும் உள்ள சாய்கோடுகள் சிவப்பாகவே இருக்க வேண்டும். கருப்பு-வெள்ளை பிரிண்டரில் எடுத்த பாரத்தை நீட்டினால் படித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். பொருளை எழுதும் வரிசையை மாற்றக் கூடாது: யுஎன் 1266, 'பெர்ஃப்யூமரி புராடக்ட்ஸ்', 3, ரோமன் எண்ணில் 2. பிறகு '2 ஃபைபர்போர்டு பாக்ஸ் × 4.8 லி', அதன்பின் 353. 'பெர்ஃப்யூம்' என்றோ உங்கள் பிராண்டின் பெயரையோ மட்டும் எழுதினால் செல்லாது. 9.6 லிட்டர் என்று மொத்தக் கணக்குப் போடுவதும் தவறு, கேட்பது ஒரு பெட்டியின் அளவு. பயணிகள் விமானமா, சரக்கு விமானம் மட்டுமா என்ற இடத்தில் பொருந்தாததை அடியுங்கள். கதிரியக்கப் பொருள் என்பதையும் அப்படியே.

அடித்துத் திருத்தினால், பாரத்தில் போட்ட அதே கையெழுத்தைத் திருத்தத்தின் பக்கத்திலும் அனுப்புகிறவர் போட வேண்டும். ஏர்வே பில் எண், பக்க எண்ணிக்கை போன்றவற்றை மட்டும் சரக்கு ஏஜென்ட்டே நிரப்பலாம். சரக்கு சென்னைக்கோ கொச்சிக்கோ போன பிறகு யுஎன் எண்ணில் பிழை தெரிந்தால், மதுரையில் இருப்பவர் கையெழுத்துக்காக ஒரு நாள் போய்விடும். ஏற்கெனவே கையெழுத்திட்ட வெற்றுப் பாரங்களை ஏஜென்ட்டிடம் கொடுத்து வைப்பது இதற்குத் தீர்வு இல்லை. அந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பு நீங்கள்தான்.

ஏர்வே பில்லில் 'ஹேண்ட்லிங் இன்ஃபர்மேஷன்' கட்டத்தில் 'டேஞ்சரஸ் குட்ஸ் ஆஸ் பெர் அசோசியேட்டட் ஷிப்பர்ஸ் டிக்ளரேஷன்' என்று எழுத வேண்டும். ஊதுபத்தி, சுங்குடிச் சேலை என்று சாதாரணப் பெட்டிகளும் கூட வந்தால், அபாயப் பெட்டி எத்தனை என்பதை அந்த வரிக்கு முன்னோ பின்னோ எண்ணாகக் குறியுங்கள். (சிவகாசி மத்தாப்பு ஒரு பாக்கெட்டைச் சேலைக்குள் சொருகுவது தீபாவளி நேரத்து வழக்கம். பட்டாசு வகுப்பு 1, அதாவது வெடிபொருள். அதை இப்படிச் சொல்லாமல் அனுப்பவே கூடாது.)

பெட்டி கட்டும் முன்பே ஏஜென்ட்டிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்த விமான நிறுவனம் வகுப்பு 3-ஐ மதுரையிலிருந்து ஏற்கிறதா? சேரும் நாட்டுக்குத் தனி நிபந்தனை உண்டா? அமெரிக்காவுக்கு என்றால், சரக்கைப் பற்றித் தெரிந்தவர் எடுக்கும் 24 மணி நேரத் தொலைபேசி எண் டிக்ளரேஷனில் இருக்க வேண்டும். டிஜிஆர் ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் மாறுவதால், டிசம்பரில் போன காகிதத்தை அப்படியே நகலெடுத்து ஜனவரியில் அனுப்பாதீர்கள்.

கவுண்டரில் செக்லிஸ்ட் வைத்துப் பெட்டியையும் காகிதத்தையும் ஒப்பிடுவார்கள். முகவரி, யுஎன் எண், பொருளின் பெயர், வகுப்பு 3 லேபிள், எதிரெதிர்ப் பக்கங்களில் மேல்நோக்கிய அம்புக்குறி, பெட்டி முத்திரையில் உள்ள எடை வரம்பு எல்லாம் அதில் வரும். ஒன்றில் 'இல்லை' விழுந்தாலும் சரக்கு ஏறாது. ஏற்றால் டிக்ளரேஷனில் ஒரு பிரதியை அங்கேயே வைத்துக்கொள்வார்கள், மற்றது சரக்கோடு போகும். உங்களுக்கென்று ஒரு நகலைக் குறைந்தது 3 மாதம் பத்திரப்படுத்துங்கள்.