கவுட்: வலி அடங்கிய பிறகும் வைத்தியம் வேண்டும்

ராத்திரி நல்லபடியாகப் படுத்தவருக்கு விடியற்காலையில் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் முதலில் கவுட் என்னும் மூட்டு நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டும்போது, அது ஊசி ஊசியான படிகங்களாக மூட்டில் தங்கத் தொடங்கும். கணுக்கால், முழங்காலிலும் வரும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் எந்த மூட்டுவலி வந்தாலும் தண்ணீர்மேல் பழி போட்டு விடுகிறோம். ஃபுளோரைடு வலி வருடக்கணக்கில் மெல்ல ஏறும். கழுத்தும் முதுகும் இறுகும். சிறு வயதிலிருந்தே அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். கவுட் ஒரே ராத்திரியில் உச்சத்துக்குப் போய், ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். அடங்குவதால்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வீக்கத்தோடு குளிர்காய்ச்சலும் இருந்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வலி வந்தவுடன் காலை உயர்த்தி வைத்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 20 நிமிடம் வையுங்கள். எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். மருத்துவர் கவுட் வலிக்கான கோல்ச்சிசின் மாத்திரை தந்தால் வழக்கமான அளவு: முதலில் 1 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.5. வலி தொடங்கிய முதல் நாளிலேயே போட்டால்தான் நன்றாகக் கேட்கும். வயிற்றுப்போக்கு வந்தால் மேற்கொண்டு போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் உள்ளவர்கள் மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது.

வலி இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியான அளவில் காட்டலாம். அதை நம்பி விட்டுவிடாமல், வலி தீர்ந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வருடத்தில் இரண்டு முறை அல்லது அதற்கு மேல் வந்தாலோ, விரலிலோ காது மடலிலோ சுண்ணாம்புபோல் முடிச்சு தெரிந்தாலோ யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை தேவைப்படும். 100 மில்லிகிராமிலோ அதற்கும் குறைவாகவோ தொடங்கி, சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை பார்த்து மாத்திரை அளவைக் கூட்டுவார்கள். யூரிக் அமில இலக்கு 6-க்குக் கீழே; முடிச்சு இருந்தால் 5-க்குக் கீழே. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பழைய படிகம் கரையும் முதல் மாதங்களில் வலி திரும்ப வரும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். அந்த வலியைத் தடுக்கத்தான் மூன்று முதல் ஆறு மாதம் கோல்ச்சிசினைக் குறைந்த அளவில் சேர்த்துத் தருகிறார்கள். தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

பத்தியத்தால் மட்டும் அளவு பெரிதாக இறங்காது. ஆட்டு ஈரல், போட்டி, நெத்திலி, பீர், சர்க்கரை சேர்த்த பாட்டில் மாம்பழச் சாறு ஆகியவற்றை ஒதுக்குங்கள். களியையும் கொள்ளுக் குழம்பையும் அவரைக்காயையும் விட வேண்டியதில்லை. பருப்பு வகைகள் கவுட்டைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. வெயிலில் காட்டு வேலை செய்பவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும்.

பிரஷர் மாத்திரை அட்டையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்தால் யூரிக் அமிலம் ஏறும். லோசார்டன் என்னும் இன்னொரு பிரஷர் மாத்திரை சற்றே இறக்கும். மாற்ற வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.