மானாவாரிக் கொடியின் ஒயினை வாங்கிக் கெடுக்காதீர்கள்

தென்னாப்பிரிக்கப் பினோடாஜ் என்ற சிவப்பு ஒயினை, அதுவும் விலை கூடிய பாட்டிலாகப் பார்த்து வாங்கப் போகிறீர்கள் என்றால், பலரும் முதலில் சறுக்குவது லேபிளில்தான். 'டிரைலேண்ட் புஷ் வைன்' என்று போட்டிருக்கும். டிரை என்றதும் இனிப்பில்லாத ஒயின் என்று நினைத்துவிடுகிறார்கள். இது நம் மானாவாரிதான்: பாசனம் கிடையாது, மழையையும் மண்ணில் தங்கிய ஈரத்தையும் வைத்தே கொடி பிழைக்கிறது. புஷ் வைன் என்றால் பந்தலோ கம்பியோ இல்லாமல் குட்டைப் புதராகத் தானே நிற்கும் கொடி. தண்ணீர் குறைந்தால் காய்ப்பு குறையும், பழம் சிறுக்கும், சாறு கொஞ்சமாகவும் தோல் கூடுதலாகவும் இருக்கும். நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்து வருவதால் ஒயின் அழுத்தமாக இறங்கும். விளைச்சலும் கம்மி, குனிந்து கையால்தான் பறிக்க வேண்டும், விலை ஏறாமல் என்ன செய்யும்?

'பழைய கொடி' என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பல நாடுகளில் அதற்குச் சட்ட வரையறையே இல்லை. தென்னாப்பிரிக்காவில் 35 வயதும் அதற்கு மேலுமான தோட்டங்களுக்கு ஓல்ட் வைன் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு தரும் முத்திரை உண்டு, கொடி நட்ட ஆண்டே அதில் இருக்கும். அதைத் தேடுங்கள். அப்புறம், ஒரே ரகம் என்று போட்டிருந்தால் அங்கே 85% அந்த ரகம் இருந்தால் போதும், முழுக்க அதுவே என்று அர்த்தமில்லை.

1925ல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெலன்போஷில் ஆப்ரஹாம் பெரோல்ட் என்ற ஆய்வாளர் பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சை ரகங்களைக் கலந்து உருவாக்கிய ரகம் பினோடாஜ். பெற்றோர் பெயரைக் கேட்டு பினோ நுவாரின் மென்மையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், இந்தப் பிள்ளை கறுத்து, முரடாக வளர்ந்தது.

சரி, வாங்கியாச்சு. இனி நடக்கும் பெரிய தவறு சூடு. 'சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடி' என்பது குளிரான பழைய ஐரோப்பிய வீடுகளுக்குச் சொன்னது. 28 டிகிரி அறையில் ஊற்றினால் ஆல்கஹால்தான் மூக்கில் குத்தும், பழ வாசனை அமுங்கிப்போகும். நானும் நல்ல பாட்டில் ஒன்றை இப்படிக் குடித்துவிட்டு, தயாரித்தவரைத் திட்டியிருக்கிறேன்! 16 முதல் 18 டிகிரி போதும். அதற்கு ஃபிரிட்ஜில் சுமார் ஒரு மணி நேரம் வையுங்கள். அதற்காக ஐஸ் போட்டுவிடாதீர்கள், அத்தனை சிரமப்பட்டு அடர்ந்த சாற்றில் நீங்களே பாசனம் செய்ததாகிவிடும்.

இளம் ஒயினைத் திறந்த கையோடு குடித்துவிட்டுத் துவர்க்கிறது என்று முகம் சுளிக்க வேண்டாம். வாயகன்ற குடுவைக்கு மாற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். வயதான பாட்டில் நேர்மாறு, அதற்கு அவ்வளவு காற்று தாங்காது. முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, அடியில் தங்கும் வண்டல் கலங்காமல் மெதுவாக ஊற்றினால் போதும். வண்டல் கெட்டதற்கான அடையாளம் இல்லை. மீந்ததைக் கார்க் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.