கடைக்குப் போகும்போது ஷட்டிலையும் கொண்டு செல்லுங்கள்: விளையாட்டுக் காப்புக் கண்ணாடியைத் தெரிவு செய்யும் முறை

விளையாடும்போது அணிவதற்குக் காப்புக் கண்ணாடி வாங்கப் போகிறவர், தான் ஆடும் பந்து ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். பூப்பந்து ஆடுபவராயின் இறகு பிய்ந்த பழைய ஷட்டில் ஒன்று போதும். ஸ்குவாஷ் ஆடுபவராயின் தேய்ந்துபோன பந்து ஒன்று. கொழும்பில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை காலி வீதியில் உள்ள கண்ணாடிக் கடைகளில் எதற்குள் நுழைந்தாலும், கடைக்காரர் முதலில் வில்லையைப் (லென்ஸ்) பற்றித்தான் பேசுவார்: கீறல் விழாது, வெயிலைத் தாங்கும், நிறம் மாறும் என்று. அவற்றைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு, ஷட்டிலின் தக்கைத் தலையைப் புருவத்தின் மேலிருந்தும், நெற்றிப்பொட்டுப் பக்கத்திலிருந்தும், கன்னத்தின் கீழிருந்தும் மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள். எந்த இடைவெளியாலாவது தக்கை இமையைத் தொடுமானால், அந்தக் கண்ணாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதற்குக் காரணம் எலும்பின் அளவு. வளர்ந்தவர் ஒருவரின் கட்குழியின் வாய் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் அகலமும் 35 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. சுமார் 72 மில்லிமீற்றர் விட்டமுள்ள கிரிக்கெட் பந்து முகத்தில் பட்டால், எலும்பு உடைந்தாலும், அடியின் பெரும்பகுதியைப் புருவ எலும்பும் கன்ன எலும்பும் வாங்கிக்கொள்ளும். 25 முதல் 28 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஷட்டில் தக்கைக்கோ அந்த எலும்பு வளையம் தடையே அல்ல. அது நேராகக் கண்ணின் மீதுதான் போய் நிற்கும். ஸ்குவாஷ் பந்து 40 மில்லிமீற்றர் விட்டமுடையது என்றாலும், உள்ளீடற்ற இறப்பர் என்பதால், அடிபடும் கணத்தில் நசுங்கிக் குழிக்குள் புகுந்துவிடுகிறது. ஐந்து கிராம் அளவேயுள்ள ஷட்டில் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023இல் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீற்றர் வேகத்தில் பதிவானது. நம்மவர்கள் மாலையில் ஆடும் ஆட்டத்தில் அந்த வேகம் இருக்காதுதான். ஆனால் இறகுகள் ஷட்டிலின் வேகத்தைக் குறைப்பதற்குச் சற்றுத் தூரம் தேவை. வலைக்கு அருகில் நிற்பவருக்கு அந்தத் தூரம் கிடைப்பதில்லை. இரட்டையர் ஆட்டத்தில் முன்னால் நிற்பவர், பின்னாலிருக்கும் துணையாள் என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பழக்கம்.

இடைவெளி ஏன் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பதை இந்தக் கண்ணாடிகளின் வரலாறே சொல்லும். 1970களில் ஸ்குவாஷ், ரக்கெட்பால் ஆடியவர்கள் வில்லையே இல்லாத வெறும் பிரேம் ஒன்றை அணிந்தார்கள். வியர்வையும் இல்லை, மங்கலும் இல்லை. குறுக்குச் சட்டங்கள் பந்தைத் தடுத்துவிடும் என்று நம்பினார்கள். பந்து நசுங்கிச் சட்டத்தின் இடுக்கால் நுழைந்து கண்ணைத் தாக்கியது. சில சமயம் விலகிப் போயிருக்க வேண்டிய பந்தைக்கூட அந்தச் சட்டமே கண்ணை நோக்கித் திருப்பிவிட்டது. கண் வைத்தியர்கள் இதை எழுதி எழுதி எச்சரித்த பின்னரே, பந்து கண்ணைத் தொடக் கூடாது என்பது விளையாட்டுக் கண்ணாடித் தரங்களின் அடிப்படை நிபந்தனையாயிற்று.

அந்த நிபந்தனையை நிறைவேற்ற உதவிய பொருள் பொலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெலும் அமெரிக்காவில் டானியல் ஃபொக்ஸும் ஒருவரையொருவர் அறியாமலே கண்டுபிடித்த இந்த பிளாஸ்டிக், அடிபட்டால் நொறுங்காமல் வளைந்து கொடுக்கும். வழக்கமான மூக்குக் கண்ணாடிகளில் போடப்படும் சி.ஆர். 39 என்னும் பிளாஸ்டிக் வில்லை நாள்முழுதும் அணிய நல்லது. விளையாட்டில் உடைந்தால் அதன் கூரான துண்டுகளே கண்ணுக்கு எதிரியாகும். பொலிகார்பனேட்டுக்கும் ஒரு குறை உண்டு. அதன் அபே எண் (குறையக் குறைய நிறங்கள் கூடுதலாகப் பிரிந்து தெரியும்) 30 அளவில் இருப்பதால், அதிக பவர் உள்ளவர்கள் வில்லையின் ஓரத்தால் பார்க்கும்போது வெள்ளை ஷட்டிலைச் சுற்றி மெல்லிய நிறக்கரை தெரியும். அது தொந்தரவாக இருந்தால், 2001இல் அறிமுகமான ட்ரைவெக்ஸ் என்னும் வில்லையைக் கேட்டுப் பாருங்கள். அதன் அபே எண் 43க்கும் 45க்கும் இடைப்பட்டது, எடையும் குறைவு. ஆனால் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை வளைக்கும் திறன், குறைவு என்பதால் வில்லை சற்றுத் தடிக்கும். எதை எடுத்தாலும், நடுப்பகுதியில் 3 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கட்டும் என்று கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று மெல்லியதாகத்தான் சீவித் தருவார்கள்.

வில்லையைவிட எனக்குப் பெரிய மாற்றமாகத் தோன்றுவது, பிரேமின் உட்புறத்தில் உள்ள ஒரு சின்ன விளிம்பு. நல்ல விளையாட்டுக் கண்ணாடியில் வில்லை முன்பக்கமாக மாட்டப்பட்டு, அதன் பின்னால் ஒரு வரம்பு தாங்கி நிற்கும். பலமாக அடிபட்டு வில்லை கழன்றாலும் முன்னோக்கித்தான் விழும். கண்ணை நோக்கிப் போகாது. கடையில் இதைப் பார்க்க வெளிச்சமோ கருவியோ வேண்டாம். கண்ணாடியைத் திருப்பிப் பிடித்து, சுண்டுவிரல் நகத்தால் வில்லையின் உள் ஓரத்தைச் சுற்றி வருடுங்கள். நகம் ஒரு படியில் ஏறுவதுபோல் தடுக்குப்பட்டால் வரம்பு இருக்கிறது. வழுவழுவென்று வில்லையிலிருந்து பிரேமுக்கு வழுக்கிப் போனால், அது கடற்கரையில் நடக்கப் போட்டுக்கொள்ளும் கண்ணாடி.

அடுத்து, அடியின் பாரம் எங்கே போகிறது என்று பாருங்கள். பழைய பிரேம்களில் மூக்குப் பாலமே எல்லாவற்றையும் சுமந்தது. இன்றைய வடிவங்களில் நெற்றி, மூக்கு, கன்னப்பக்கம் ஆகிய இடங்களில் மென்மையான இறப்பர் மெத்தைகள் வைத்து, அடியைப் பரந்த எலும்புப் பரப்பில் பகிர்ந்துவிடுகிறார்கள். உலோகப் பிணைச்சல் உள்ள காது மடிப்புகளுக்குப் பதிலாகத் தலையைச் சுற்றிய பட்டி வந்ததும் இதே காரணத்தால்தான்: உடைந்து குத்தப் பிணைச்சல் இல்லை, ஓடும்போது நழுவுவதும் இல்லை. மாட்டிக்கொண்டு தலையை நாலு தரம் வேகமாக ஆட்டுங்கள், பின்னர் விரலால் முன்பக்கத்தை அழுத்துங்கள். வில்லை இமைமயிரைத் தொடக் கூடாது.

இனி, கொழும்பில் ஆடுபவருக்கு எல்லாவற்றையும்விடத் தலைவலி தரும் விடயமான, வில்லையில் படியும் ஆவி. பூப்பந்து மண்டபங்களில் காற்று ஷட்டிலைத் திருப்பிவிடும் என்று ஜன்னல்களை மூடி, விசிறிகளையும் நிறுத்திவிடுவார்கள் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். ஏற்கெனவே ஈரம் செறிந்த காற்று, நாலு பேரின் வியர்வை, மூடிய அறை. சில வருடங்களுக்கு முன் நான் வாங்கிய முதல் கண்ணாடி எல்லாப் பக்கமும் ஸ்பொஞ் வைத்து இறுக மூடப்பட்டிருந்தது. பாதுகாப்பு என்றால் இதுவல்லவா என்று எண்ணினேன். முதல் ஆட்டத்தில் 11 புள்ளி எடுக்கும் முன்னரே எதிர்ப்பக்கத்தில் நிற்பது யார் என்று தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு ஆடினேன். அன்றைக்குப் பின்னாலிருந்து என் துணையாள் அடித்த ஷட்டில் புருவத்துக்குச் சற்றுக் கீழே பட்டு, இரண்டு கிழமை கண் கறுத்துக் கிடந்தது. விலை கொடுத்து வாங்கிய காப்பு, அடிபட்ட இடத்திலிருந்து இரண்டு அங்குலம் மேலே பத்திரமாக இருந்தது.

ஆகவே என் கணிப்பில், கழற்றத் தோன்றாத கண்ணாடியே பாதுகாப்பான கண்ணாடி. குளிர்நாட்டுக் கண்ணாடிகளைப் பார்த்து மயங்காதீர்கள். 1965இல் அமெரிக்கப் பல் வைத்தியர் பொப் ஸ்மித் பனிச்சறுக்குக்காக இரட்டை வில்லைக் கண்ணாடியை உருவாக்கினார்; வெளிக்குளிர் உள்வில்லையை எட்டாதபடி இரண்டுக்கும் நடுவே காற்றுப் படலம் ஒன்றை அடைத்து வைத்தார். அங்கே வில்லை குளிர்வதால் ஆவி படிகிறது. இங்கே வெளியிலும் வெக்கைதான். உள்ளே அடைபட்ட வியர்வை ஆவி வெளியேற வழியில்லாததே சிக்கல். எனவே நமக்கு வேண்டியது காற்றோட்டம். கீழே நுழைந்து, சூடாகி, மேலே வெளியேறும்படி இரு விளிம்புகளிலும் துளைகள் உள்ள கண்ணாடியைத் தேடுங்கள். அந்தத் துளைகளையும் ஷட்டில் தக்கையால் சோதிக்க மறக்காதீர்கள்.

இரண்டாவது அரண், வில்லையின் உட்பக்கத்தில் உள்ள நீர்விரும்பும் பூச்சு. அது ஈரத்தை விரட்டுவதில்லை; துளித்துளியாக நின்று ஒளியைச் சிதறடிக்க விடாமல், மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகிறது. குளிரூட்டிய கடையிலிருந்து காலி வீதிக்கு இறங்கியதும் கண்ணாடி மங்கினால் உடனே கோபப்படாதீர்கள். குளிர்ந்த வில்லையில் வெளிக்காற்றின் ஈரம் படிவது இயல்பு, ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். உண்மையான சோதனை வேறு: கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் பத்து நிமிடம் ஏறி இறங்குங்கள். மாற்றித் தருவார்களா என்பதை வாங்கும் முன்னரே கேட்டுக்கொண்டால், இதை வீட்டிலேயே செய்யலாம்.

தரமுத்திரை விடயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. தொழிற்சாலைக் கண்ணாடிகளில் இருக்கும் ஏ.என்.எஸ்.ஐ. இசட் 87.1 என்னும் அமெரிக்கத் தரக்குறியைக் காட்டி, இது போதும் என்பார்கள். அந்தச் சோதனைகளில் ஒன்று, 6.35 மில்லிமீற்றர் உருக்குக் குண்டை வினாடிக்கு 45.7 மீற்றர் வேகத்தில் வில்லை மீது எய்து பார்ப்பது. தெறித்து வரும் இரும்புத்துகளுக்கு அது சரியான சோதனை. பிரேமோடு சேர்த்து முகத்தை அழுத்தும் பந்துக்கு அல்ல. விளையாட்டுக்கு ஏ.எஸ்.டி.எம். எஃப் 803 என்னும் அமெரிக்கக் குறியையோ (ரக்கெட் ஆட்டங்களுக்கு இப்போது எஃப் 3164), ஸ்குவாஷ் ஆடுபவர் ஐ.எஸ்.ஓ. 18527-2 என்னும் சர்வதேசக் குறியையோ தேட வேண்டும். இந்த ஏ.எஸ்.டி.எம். முறையில் செயற்கைத் தலை ஒன்றுக்குக் கண்ணாடியை மாட்டி, அந்தந்த விளையாட்டின் பந்தாலேயே அடித்துப் பார்க்கிறார்கள். குறி பெட்டியில் மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். பிரேமிலும் பொறித்திருக்க வேண்டும்.

கிரிக்கெட்டில் நிலைமை வேறு. கடினப்பந்தை எதிர்கொள்ளும் துடுப்பாட்டக்காரருக்குத் தலைக்கவசமும் கம்பி முகமூடியுமே காப்பு. பந்து கம்பிக்கும் மேல்விளிம்புக்கும் இடையே நுழைகிறதா என்று சோதிக்கும் பி.எஸ். 7928:2013 என்னும் பிரித்தானியத் தரமுள்ளதை வாங்குங்கள்; இங்கும் கேள்வி இடைவெளியைப் பற்றியதே. சுழற்பந்துக்கு விக்கெட்டின் அருகே நிற்கும் காப்பாளர்கள் மட்டும் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். தென்னாபிரிக்காவின் மார்க் பவுச்சர் 2012 ஜூலையில் இங்கிலாந்தின் டோன்டனில், இம்ரான் தாஹிரின் பந்தில் தெறித்த பெயில் (விக்கெட்டின் மேல் இருக்கும் சிறு கட்டை) இடது கண்ணில் பட்டு, அத்தோடு சர்வதேச ஆட்டத்திலிருந்து விலக நேர்ந்தது.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது, வளர்ந்தாலும் போடலாம் என்று பெரிய அளவை எடுக்காதீர்கள். சப்பாத்தில் அந்தச் சிக்கனம் செல்லும், இதில் செல்லாது. கூச்சப்படும் பிள்ளையிடம், 1999 முதல் கண் அழுத்த நோய் காரணமாகக் காப்புக் கண்ணாடியுடன் ஆடிய நெதர்லாந்துக் கால்பந்து வீரர் எட்கார் டேவிட்ஸின் படத்தைக் காட்டலாம். ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உள்ள பிள்ளை எந்தப் பந்து விளையாட்டையும் கண்ணாடி இல்லாமல் ஆடக் கூடாது. தொடுவில்லை (கொன்டாக்ட் லென்ஸ்) எந்தக் காப்பும் தராது.

உள்ளரங்க ஆட்டத்துக்கு நிறமற்ற வில்லையே போதும். வெயிலில் நிறம் மாறும் வில்லைக்கு மேலதிகமாகச் செலவழிக்கும் முன், வெப்பம் கூடக்கூட அவ்வில்லை கறுப்பது குறையும் என்பதை நினைவில் வையுங்கள். நம் ஊர் வெக்கையில் அது விளம்பரப் படத்தில் உள்ளதுபோல் கறுக்காது.

பராமரிப்பு எளிது, ஆனால் பலர் பிழையாகச் செய்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் குழாய்த் தண்ணீரில் அலசி, தேவையானால் ஒரு துளி சவர்க்காரத் திரவம் இட்டு, உதறி, நிழலில் காய வையுங்கள். வியர்வை உப்பு காய்ந்த வில்லையைச் சட்டை நுனியால் துடைத்தால் பூச்சு ஒரே மாதத்தில் போய்விடும். அமோனியா கலந்த ஜன்னல் துடைக்கும் திரவமும், நகப்பூச்சு அகற்றும் அசிற்றோனும் பொலிகார்பனேட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கும்.

கண்ணில் அடிபட்டால் தேய்க்காமல், அழுத்தாமல், மருந்துத் துளி எதுவும் விடாமல், காகிதக் கோப்பையின் அடிப்பகுதியைக் கண்ணைத் தொடாதபடி மேலே கவிழ்த்து ஒட்டிக்கொண்டு, லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகிலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள். வலி தணிந்துவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பக் கூடாது. கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம், விழித்திரை கிழிந்திருந்தால் மின்னலும் மிதக்கும் புள்ளிகளும் நாட்கள் கழித்துக்கூடத் தோன்றும்.

கண்ணாடி அடியைத் தாங்கிக் கண் தப்பிவிட்டால், அன்றிரவே மேசை விளக்கின் கீழ் மூக்குப் பாலத்தையும் வில்லை ஓரங்களையும் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். வெள்ளை மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தாலும் அதைத் திரும்ப அணியாதீர்கள். பட்டியை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாம். புதியதன் பட்டி தளரும்போது உதவும்.