அந்த “சரி”யை நம்பாதீர்கள்

இணையதளங்களைப் பராமரித்துத் தரும் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் வாடிக்கையாளரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். “நேம்சர்வரை மாத்திடுங்க சார், ப்ராபகேஷனுக்கு 48 மணி நேரம் வரைக்கும் ஆகும்.” மறுமுனையில் “சரிப்பா”. (தளமும் மெயிலும் எந்த சர்வரில் இருக்கின்றன என்று இணையத்துக்குச் சொல்வது நேம்சர்வர். அந்த மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவுவது ப்ராபகேஷன்.) எனக்குப் பகீரென்றது. அதே வாக்கியத்தைச் சொல்லி, அதே “சரி”யை நானும் வாங்கியிருக்கிறேன். தொழில்நுட்பம் தெரியாத வாடிக்கையாளருக்கு எப்படி விளக்குவது என்பதில் நான் கற்றவை இவை. சுருக்கப் பெயர்களைக் குறையுங்கள் என்பது எல்லோரும் சொல்வதுதான், அதை விடுகிறேன்.

“புரிஞ்சுதா?” என்று கேட்பது

எனக்கு இன்னும் ஆறாத தவறு இது. ஒருவரின் இணையதளத்தை வேறு சர்வருக்கு மாற்றினோம். டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) கணக்கு அவர் கையில். “நேம்சர்வரை மாத்துறதுக்கு முன்னாடி எம்எக்ஸ் ரெக்கார்டைப் புது இடத்துல சேர்த்துடுங்க, புரிஞ்சுதா?” என்றேன். எம்எக்ஸ் என்பது மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு. “புரிஞ்சுது” என்றார். வேறென்ன சொல்வார்? புரியவில்லை என்று சொல்வதற்குக்கூட எது புரியவில்லை என்று தெரிந்திருக்க வேண்டுமே.

தளம் அழகாகத் திறந்தது. மெயில் நின்றுபோனது. அவர் எம்எக்ஸைச் சேர்க்காததால் மெயில்கள் இணையதளம் இருக்கும் புது சர்வருக்கே போயின. அங்கே அவருக்கு மெயில் பெட்டியே கிடையாது. எல்லாம் அனுப்பியவர்களுக்கே திரும்பின. எங்களுக்குத் தெரியவே இரண்டு நாள் ஆனது. அதற்குள் அவர் காத்திருந்த ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது.

முன்கூட்டியே எழுத்திலும் சொல்லியிருந்தேன். அதனால் என்ன? அவருக்குப் போய்ச் சேரவில்லை. “இதை விட்டுட்டா உங்களுக்கு மெயில் வராது. தளம் நல்லா ஓடுறதால உங்களுக்குத் தெரியவும் தெரியாது” என்ற இரண்டு வரி போதுமாயிருந்தது.

இப்போதெல்லாம் “இதனால உங்க ஆபீஸ்ல யாருக்கு என்ன மாறும், நீங்களே சொல்லுங்க” என்றுதான் கேட்கிறேன். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே நான் சரியாகச் சொல்லவில்லை.

தெரிந்த சொல்தான் ஆபத்து

“பேக்கப் இருக்கு” என்றால் அவர் காதில் “எதுவும் தொலையாது” என்று விழும். இரவில் எடுக்கும் நகல் என்றால், பகலில் பதிந்தவை திரும்பாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சதவீதம்

“99.9 சதவீத நேரம் தளம் இயங்கும்” என்றால் வருடத்தில் சுமார் 8 மணி 45 நிமிடம் தளம் நிற்கலாம். மணிக்கணக்கைச் சொல்லுங்கள்.

உவமை

ஒரு விளக்கத்துக்கு ஒன்று போதும்.

அந்தப் பையனை அதே வாடிக்கையாளருக்கு மறுபடி போன் செய்யச் சொன்னேன். 48 மணி நேரமும் தளம் மூடிக் கிடக்கும் என்று நினைத்து, தன் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் தகவல் அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தார் அவர்.