வானொலியில் பேசுகிறவர்களே, கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள்

குரல் நன்றாகத்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் கேட்க இயல்பாக இல்லை? குமரி மாவட்டத்தில் புதிதாக அறிவிப்புக்கு வரும் பிள்ளைகள் பலர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் குரலில் ஒரு குறையும் இருக்காது. மூச்சு தீருகிற இடத்தில்தான் குறை இருக்கும்.

தமிழில் போகலாமா கூடாதா, வருமா வராதா என்பதெல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் தெரியும். நமக்கு மூச்சு முடிவதும் அங்கேதான். "குமரிக்கடல் பகுதியில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறைக்காற்று வீசக்கூடும் என்பதால் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற வரியை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். 'செல்ல' வரும்போதே நெஞ்சு காலியாகிவிடும், 'வேண்டாம்' உதட்டைத் தாண்டி வராது. முட்டத்திலோ குளச்சலிலோ வலையை அள்ளிக்கொண்டு காதை மட்டும் ரேடியோவுக்குக் கொடுத்திருக்கிறவருக்கு வேண்டியது அந்த ஒரு சொல். 2017 ஒக்கிப் புயலில் இந்தக் கரை எத்தனை பேரை இழந்தது என்று தெரிந்த யாரும் அதை விழுங்கக் கூடாது.

அச்சில் படிக்க எழுதிய வரியை அப்படியே வாசிப்பதும் தவறுதான். எண்களை மாற்றாமல் வரியை மட்டும் உடையுங்கள். "மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். குமரிக்கடலில் சூறைக்காற்று வீசக்கூடும். வேகம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர். அதனால் கடலுக்குப் போக வேண்டாம்." இரண்டு தடவை சொல்வதில் தப்பே இல்லை, பேப்பர் என்றால் திரும்பப் படிக்கலாம், ரேடியோவில் போனது போனதுதான்.

நானே ஆரம்ப நாட்களில், பாசனக் கால்வாய் பற்றிய அறிவிப்பு ஒன்றில், 'சானலில் நாளை தண்ணீர் திறக்கப்படாது' என்பதன் வாலை விழுங்கிவிட்டேன். தோவாளைப் பக்கத்து விவசாயி ஒருவர் 'திறக்கப்படும்' என்று கேட்டு, விடியும் முன்னே மண்வெட்டியோடு வயலுக்குப் போயிருக்கிறார். "தம்பி, நீங்கதானே சொன்னீங்க" என்று அவர் கோபப்படாமல் கேட்டது இன்னும் மனசில் கிடக்கிறது. அன்றிலிருந்து தாளில் மூச்சு எடுக்கும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்கிறேன், கடைசிச் சொல்லுக்குக் கீழேயும் ஒரு கோடு.

அடுத்தது ழகரம். இதை வெறும் இலக்கணச் சங்கதி என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்தில் வாழையும் உண்டு, வாளை மீனும் உண்டு. சந்தை நிலவரத்தில் 'வாழை விலை இறங்கியது' என்பதை 'வாளை' என்று வாசித்தால் கடற்கரைக்காரர் மீன் என்றே எடுத்துக்கொள்வார், தோட்டக்காரருக்கு உரிய சேதி போய்ச் சேராது. குழித்துறையைக் குளித்துறை ஆக்கினால் ஊர்ப்பெயர் குளிக்கும் துறையாகிவிடும். நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டவிடாமல் பின்னால் வளைத்து, மெதுவாகச் சொல்லிப் பழகுங்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது இரவல் குரல். வீட்டில் அழகாகப் பேசுகிற பிள்ளை ஒலிபரப்பு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்ததும் பெருநகர எஃப்எம் தொகுப்பாளர் மாதிரி 'வணக்க்க்கம்' என்று இழுக்க ஆரம்பித்துவிடும். நாகர்கோவில் வானொலி 1984இல் உள்ளூர் வானொலியாகத் தொடங்கப்பட்டது. உள்ளூர் வானொலி என்றாலே இந்த மண்ணின் பேச்சு ஒலிக்க வேண்டிய இடம் என்பேன். நம் பேச்சின் ஏற்ற இறக்கம் இருக்கட்டும், நேந்திரங்காயை இங்கே எல்லோரும் 'ஏத்தங்காய்' என்றால் ஏத்தங்காய் என்றே சொல்லுங்கள். ஆனால் வேகத்தைக் குறையுங்கள், நாம் பேசுகிற வேகம் விளவங்கோட்டில் ஒருவருக்குச் சரியாக இருக்கலாம், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவருக்குப் பாதிதான் புரியும். இயல்பு வேண்டுமென்றால் கூட்டத்தை நினைக்காதீர்கள். எதிரே ஒரு அக்காவோ மாமாவோ உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசுங்கள், குரல் தானாக இறங்கி வரும்.

மைக்கை வாயோடு ஒட்டாதீர்கள், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி என்று நம் அணைப் பெயர்களே பகரத்தில் தொடங்குகின்றன, நேராகப் பேசினால் அந்தக் காற்று மைக்கில் 'டப்' என்று அடிக்கும். தாளைப் புரட்டாதீர்கள், படித்து முடித்த தாளைச் சத்தமில்லாமல் பக்கத்தில் நகர்த்தி வைத்தால் போதும்.

வாசித்ததைச் செல்போனில் பதிவு செய்து, அம்மா அடுக்களையில் பாத்திரம் கழுவும்போது அடுத்த அறையில் ஓடவிடுங்கள். ஒவ்வொரு வரியும் எந்தச் சொல்லில் முடிந்தது என்று கேளுங்கள். அம்மா "என்ன மக்களே, கேக்கல்லியே" என்று சொல்கிற வரிகளை மட்டும் மறுபடி வாசியுங்கள்.