கருவேப்பிலைப் புழுவும் பூவா தலையாவும்

வண்ணாரப்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில், பழைய பெயின்ட் டப்பாவில் ஒரு கருவேப்பிலைச் செடி நிற்கிறது. உங்கள் செடியிலும் காக்கா எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள். குச்சியால் லேசாகத் தொடுங்கள். தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் கவட்டைக் கொம்பு நீண்டு, குப்பென்று ஒரு வாடையும் வந்தால் அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு, இல்லாவிட்டால் அதன் நெருங்கிய சொந்தக்காரப் பட்டாம்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி வேறு. அது பட்டால் அரிப்பு, இதற்கு அந்தக் குணமில்லை.

புழுவைக் கையால் பிய்க்காமல் காம்போடு வெட்டி, தண்ணீர் பாட்டிலில் செருகுங்கள். பாட்டில் வாயைத் துணியால் அடைக்கணும், இல்லையென்றால் புழு உள்ளே விழுந்து செத்துவிடும். தையல்காரி வீட்டில் துணிக்கா பஞ்சம்? பாட்டிலை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மேலே பாவாடைக்கு வாங்கி மிஞ்சிய நெட் துணியைப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினேன். தினமும் புதுத் தழை, தினமும் எச்சத்தைக் கொட்டுவது, அவ்வளவுதான். தழை மட்டும் மருந்து அடிக்காத செடியிலிருந்து வரணும். ஒருமுறை சோம்பல்பட்டுக் கடைத் தழையைக் கழுவிப் போட்டேன். மறுநாள் காலை புழு துவண்டு கிடந்தது.

ஒருநாள் தின்பதை நிறுத்திவிட்டு டப்பா முழுக்க அலையும். பிடித்துத் தழையில் விடாதீர்கள், கூடு கட்ட இடம் தேடுகிறது. அப்புறம் இடுப்பில் ஒரே ஒரு பட்டு நூலைச் சுற்றிக்கொண்டு சாய்ந்து நிற்கும்.

இந்த இடத்தில்தான் என் அண்ணன் மகள் கேட்டாள்: "அத்தை, கூடு பச்சை, இல்லாட்டிப் பழுப்பு. அப்போ பாதிக்குப் பாதி சான்ஸ்தானே, பூவா தலையா மாதிரி?"

இதற்கு வாயால் பதில் சொல்லாதீர்கள், ஐந்து ரூபாய்க் காசைக் கொடுங்கள். பத்து முறை சுண்டச் சொல்லுங்கள். சரியாக ஐந்து பூ, ஐந்து தலை வருவது ஏறக்குறைய நாலுக்கு ஒரு தடவைதான். 1024 வழிகளில் 252. தொடர்ந்து நாலு பூ விழுந்தாலும் ஐந்தாவதுக்கு அது ஞாபகம் இருக்காது. (ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் கூட்டாளிகளும் 3,50,757 முறை சுண்டிப் பார்த்தார்கள். சுண்டும்போது மேலே இருந்த பக்கமே 50.8 சதவீதம் விழுந்தது. பொறுமைசாலிகள்!)

புழு அப்படியில்லை, அது உட்கார்ந்த இடத்தைப் பார்க்கும். வழவழப்பான பச்சைக் காம்பில் கட்டினால் பெரும்பாலும் பச்சைக் கூடு. சொரசொரப்பான காய்ந்த குச்சியில் பழுப்பு. இரண்டையும் டப்பாவில் வையுங்கள். எங்களிடம் காம்பில் ஒரு பச்சை, நான் துணி அளக்கும் மரக்கட்டையில் ஒரு பழுப்பு.

கூடு கறுத்து உள்ளே இறக்கை தெரிந்தால் பட்டாம்பூச்சி வரப்போகிறது. வெளியே வந்து தொங்கியபடி இறக்கையைக் காயவைக்கும், இரண்டு மணி நேரமாவது தொடாதீர்கள். மூன்றாவது புழு இப்போது நெட் துணியில் அலைகிறது. அவள் பழுப்பு என்று பத்து ரூபாய் கட்டியிருக்கிறாள்.